வாடை அடிக்கும் வாயுவும் வாடையே இல்லாத வாயுவும்

2023 டிசம்பர் 18. தாமிரபரணி ஊருக்குள் வந்து, ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர். பாளையங்கோட்டையில் எங்கள் தெரு மேடு. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, கரண்ட்தான் இல்லை. தெரிந்தவரிடம் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வாங்கி வந்தேன். மழையில் நனையக் கூடாதே என்று பின்பக்க வராந்தாவில் வைத்து, சுற்றிலும் தார்ப்பாய் கட்டினேன். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

ராத்திரி பத்து மணிக்கு அம்மா, "ஏல, தலைய வலிக்கு" என்றாள். மகள் வாந்தி எடுத்தாள். எனக்கும் கிறுகிறுப்பு. ரெண்டு நாளாக ஒழுங்கான சாப்பாடு இல்லை, அதுதான் என்று முடிவு கட்டினோம். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை மகள் விரலில் மாட்டினேன். 98 காட்டியது. நிம்மதியாகிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றது. ஃபேன் இல்லாத புழுக்கத்தில் கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டோம். காலையில் எல்லோரும் தெளிவாக இருந்தோம்.

பல வாரம் கழித்து வேறு எதையோ தேடிப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரத்தப் பரிசோதனை செய்யாததால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அது கார்பன் மோனாக்சைடாக இருக்கத்தான் எல்லா வாய்ப்பும் உண்டு.

நம் வீடுகளில் கேஸ் என்றால் சிலிண்டர் கேஸ்தான். லேசாகக் கசிந்தாலும் "கேஸ் வாடை அடிக்கு" என்று யாராவது கத்திவிடுவார்கள். அந்த வாடை கேஸுடையது அல்ல. எல்பிஜிக்கு இயல்பில் வாடை மிகக் குறைவு. எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளை வேண்டுமென்றே கலக்கிறார்கள். 1937-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு பள்ளிக்கூடத்தில், வாடையில்லாத இயற்கை எரிவாயு கசிந்து வெடித்து சுமார் 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். எரிவாயுவில் நாற்றம் சேர்ப்பது சட்டமானது அதற்குப் பிறகுதான்.

கார்பன் மோனாக்சைடுக்கு அப்படி யாரும் நாற்றம் சேர்த்து அனுப்புவதில்லை. அது பைப்பில் வருவதில்லையே. பெட்ரோல், கரி, விறகு, கேஸ் எது அரைகுறையாக எரிந்தாலும் வீட்டுக்குள்ளேயே உண்டாகிறது. நிறம், மணம், எரிச்சல் எதுவும் கிடையாது. என் தொழில் பாஷையில் சொன்னால், எல்பிஜி கசிவு எரர் மெசேஜ் காட்டும் பிழை. இது சத்தமில்லாமல் டேட்டாவைக் கெடுக்கும் பிழை.

ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது கார்பன் மோனாக்சைடு. சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆகவே மூச்சுக்கு வழியில்லாத ரத்தத்தையும் அது 98 என்று காட்டும். நான் நிம்மதியடைந்தது அந்தப் பொய்யான 98-ஐப் பார்த்துத்தான்.

2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா போன எட்டுப் பேர், குளிருக்கு கேஸ் ஹீட்டரைப் போட்டு, கதவு ஜன்னலை அடைத்துத் தூங்கி இறந்துபோனார்கள். அதில் நான்கு பேர் குழந்தைகள். நமக்குக் குளிர் இல்லையே என்று இருக்க முடியாது. காற்றோட்டமில்லாத பாத்ரூமுக்குள் கேஸ் கீசர், மூடிய அறையில் கரி அடுப்பு, மழைநாள் ஜெனரேட்டர் இவை நம் ஊரிலும் உண்டு.

சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள். சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். வெளியே வந்தபின் 1906-க்கு போன் செய்யுங்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு அடையாளம் வேறு. வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். வெளியே வந்தால் குறைகிறது. அப்படியானால் சாப்பாட்டைச் சந்தேகப்படும் முன் எல்லோரையும் வெளியே கூட்டி வாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் அல்லது கீசர் ஓடியதைக் கட்டாயம் சொல்லுங்கள். சொன்னால்தான் சரியான ரத்தப் பரிசோதனை நடக்கும்.

ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில் இருக்க வேண்டும். கீசர் பாத்ரூமுக்கு வெளியே. அலாரம் வாங்குகிறவர்கள் கவனிக்க: எல்பிஜி அலாரம் கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்காது. முன்னது அடுப்படியில் தரையோரம். பின்னது படுக்கையறைப் பக்கம்.

அன்றைக்கு பெட்ரோல் இன்னும் ரெண்டு லிட்டர் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன். இந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்களிடம் யாராவது ஜெனரேட்டர் இரவல் கேட்டால், பெட்ரோலோடு இந்த விஷயத்தையும் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள்.