கழிவுநீர்க் குழாய் ஏன் அரித்துப்போகிறது? எப்படிச் சரிசெய்கிறார்கள்?

2025 ஜனவரி 28 அன்று ஜப்பானின் யாஷியோ நகரில் சாலை திடீரென உள்வாங்கியது. அதில் விழுந்த லாரியின் ஓட்டுநர் உயிரிழந்தார். சாலைக்கு அடியில், 4.75 மீட்டர் விட்டமுள்ள கழிவுநீர்க் குழாய் சிதைந்திருந்தது.

ஏன்?

கான்கிரீட் குழாய் பெரும்பாலும் மேற்பகுதியில்தான் அரித்துப்போகும். காற்று எட்டாத அடிச்சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் கழிவிலுள்ள சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான். அந்த வாயு மேலேறி ஈரமான உட்கூரையில் படியும்போது, அங்குள்ள வேறு பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக்குகின்றன. அமிலம் பட்ட கான்கிரீட் ஜிப்சமாகி, ஈர மாவுபோல உதிர்கிறது. மெலிந்த குழாய் உடைந்து, அந்த உடைப்பு வழியே மண் உள்ளே இறங்க இறங்க, சாலைக்கு அடியில் வெற்றிடம் வளர்கிறது. ஒருநாள் பாரம் தாங்காமல் சாலை இடிகிறது.

எப்படி?

முதலில் சக்கரம் பொருத்திய கேமராவை உள்ளே ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். பிறகு கழிவுநீரை மாற்றுவழியில் பம்ப் செய்து, குழாயைக் கழுவுகிறார்கள். பிசினில் ஊறிய துணிக்குழலை மேன்ஹோல் வழியே செலுத்தி, உப்பவைத்து, வெந்நீராலோ நீராவியாலோ புற ஊதா ஒளியாலோ இறுக வைக்கிறார்கள். பழைய குழாய்க்குள் புதுக் குழாய் தயார். தெரு முழுக்கத் தோண்ட வேண்டாம். மூடிப்போன வீட்டு இணைப்புகளை ரோபோ வெட்டித் திறக்கும். 1971-இல் லண்டனில் எரிக் உட் இந்தத் துணிக்குழல் முறையை முதலில் செய்துகாட்டினார்.

ஹைட்ரஜன் சல்பைடு வாயு மனிதரையும் கொல்லும். ஆளை உள்ளே இறக்காமல் செய்யும் ஒவ்வொரு பழுதுபார்ப்பும் சாலையோடு உயிரையும் காக்கிறது.