சீட்டு போடும் இடத்தில் உங்களுக்கு உள்ள உரிமைகள்

தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தை மத்திய அரசு 2020 ஆகஸ்ட் 15 அன்று முதலில் ஆறு யூனியன் பிரதேசங்களில் வெள்ளோட்டம் விட்டது. அந்த ஆறில் புதுச்சேரியும் ஒன்று. நாடு முழுக்க அது வந்தது 2021 செப்டம்பரில்தான். ஆகவே அந்தத் திட்டம் தரும் 14 இலக்க ஆபா எண் புதுச்சேரியின் வில்லியனூருக்கும் பாகூருக்கும் புதுச் செய்தி அல்ல. ஆனாலும் குழப்பம் தீரவில்லை. ஆபா அட்டை கையில் இருந்தால் ஐந்து லட்சம் ரூபாய் வரை வைத்தியம் இலவசம் என்று நம்புகிறவர்கள் உண்டு. அது வேறு, இது வேறு. ஐந்து லட்சம் என்பது ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தில் வருவது. 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பு பாராமல் 2024 அக்டோபரில் அது விரிவாக்கப்பட்டது. ஆபாவோ உங்கள் மருத்துவப் பதிவுகளை ஒன்றோடொன்று இணைக்கும் எண் மட்டுமே. அது காப்பீடும் இல்லை, கட்டாயமும் இல்லை.

கட்டாயமில்லை என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சுவரில் ஒட்டிய கியூ.ஆர். குறியீட்டைப் போனில் ஸ்கேன் செய்தால் பெயர், வயது, முகவரி எல்லாம் தானாகப் போய்ச் சேர்ந்து டோக்கன் வரும் முறை 2022 அக்டோபரில் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் தொடங்கிப் பல ஊர்களுக்கும் பரவியிருக்கிறது. ஸ்மார்ட்போன் உள்ளவருக்கு இது நல்ல வசதி, வரிசை குறைகிறது. மஞ்சப்பையில் பழைய ஓ.பி. சீட்டுகளையும் ரேஷன் கார்டையும் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கும் பாட்டிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவருக்குப் பதிவுக் கவுன்ட்டரில் கையால் சீட்டு போட்டுத் தர ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் "எனக்கு எழுதிப் போட்டுக் கொடுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் படிவம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நடைமுறைகளைக் காரணம் காட்டி அவசர சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 1989-இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

இனி படிவத்துக்கு வருவோம். புதிதாகப் பதிவு செய்கிறவரிடம் கணினி முதலில் கேட்பது முதல் பெயரும் குடும்பப் பெயரும். பக்கத்திலேயே சிவப்பு நட்சத்திரம், நிரப்பாமல் நகர முடியாது. நம்மிடம் குடும்பப் பெயர் ஏது? ஒரு மருத்துவமனையில் தட்டச்சு செய்பவர் 'லட்சுமி க' என்று போடுகிறார். அடுத்த இடத்தில் 'க. லட்சுமி'. மூன்றாவது இடத்தில் கணவர் பெயரையும் சேர்த்து முழுசாக. ஒரே பெண் மூன்று நோயாளியாகிவிடுகிறார். சர்க்கரைக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை ஒரு பதிவில், பிரஷர் மாத்திரை வேறொரு பதிவில். பிறந்த தேதியும் அப்படித்தான். வயதை மட்டும் சொல்லி ஆதார் எடுத்தவர்களுக்கு அதில் ஜனவரி 1 என்று பதிந்திருக்கும். உத்தேச வயது என்று ஒரு கட்டம் வைத்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும்.

பாகூர்ப் பக்கத்துக்காரருக்கு முகவரியிலும் ஒரு வம்பு. புதுச்சேரி நகரத்தின் பின்கோடு 605 என்று தொடங்குகிறது. பிள்ளையார்குப்பத்துக்கு 607402, அதாவது கடலூரின் வரிசை. பின்கோடை வைத்து மாவட்டத்தைத் தானாக நிரப்பும் படிவம் புதுச்சேரிக்காரரைத் தமிழ்நாட்டுக்காரர் ஆக்கிவிடக்கூடும். திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, மாநிலம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். படிவம் தயாரிப்பவர்கள் கொம்யூன், கிராமம் இரண்டையும் பட்டியலில் வைத்தால் போதும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஒவ்வாமைக் கேள்வி. 'ஒவ்வாமை: ஆம் / இல்லை' என்று இருந்து, 'இல்லை' முன்கூட்டியே தேர்வாகியிருந்தால், கேட்காத கேள்விக்குப் பதில் பதிவாகிவிடுகிறது. பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாதவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. "எந்த ஊசி, மாத்திரையிலாவது உடம்பு தடிச்சு, மூச்சு முட்டியிருக்கா?" என்று கேட்டால் யாருக்கும் புரியும். 'தெரியாது' என்ற மூன்றாவது பதிலும் இருக்க வேண்டும். பிரிட்டனின் என்.எச்.எஸ். தன் இணையப் பக்கங்களை 9 முதல் 11 வயதுப் பிள்ளைக்குப் புரியும் நடையில் எழுதச் சொல்கிறது. அந்த அளவுகோலை நம் படிவத்துக்கும் வைக்கலாம்.

சம்மதம் என்ற கட்டத்தில்தான் மோசம் போவது அதிகம். ஆதாரைக் கொடுத்து ஆபா எடுக்கும்போது ஓ.டி.பி. ஆதாரில் பதிந்த எண்ணுக்குத்தான் போகும். அந்த சிம்மை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தால் இப்போது அதை வைத்திருப்பவருக்குப் போகும். கம்ப்யூட்டர் சென்டர்காரர் தொடர்பு எண்ணாகத் தன் எண்ணைப் போட்டு ஆபா எடுத்துத் தந்தால், உங்கள் மருத்துவப் பதிவின் சாவி அவரிடம் இருக்கிறது. 2023-இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உட்பட எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்க வாய்ப்புத் தரச் சொல்கிறது. கொடுத்த சம்மதத்தை, கொடுத்தது போலவே சுலபமாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. எச்.ஐ.வி. இருக்கிறதா என்று நாலு பேர் காதில் விழும்படி கவுன்ட்டரில் கேட்பது தவறு. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ரகசியத்தைத் தனியாகவே காக்கிறது. டாக்டரிடம் தனியாகச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.

தவறு நேர்ந்துவிட்டால்? பெயர், வயது பிழை என்றால் பதிவுக் கவுன்ட்டரிலேயே திருத்தச் சொல்லுங்கள். மறுத்தால் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். ஆபா தொடர்பான புகாருக்குக் கட்டணமில்லா எண் 1800-11-4477. ஆபா எண்ணே வேண்டாம் என்றால் நீக்கிவிடவும் முடியும். உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. தனியார் மருத்துவமனை உங்கள் விவரத்தை வெளியே கொடுத்திருந்தால் 2019 நுகர்வோர் சட்டப்படி அது முறையற்ற வணிகம். 1915 என்ற எண்ணில் பேசலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஓ.டி.பி. கொடுத்துப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

பார்வையற்றவர்களும் அமில வீச்சில் முகம் சிதைந்தவர்களும் தொடுத்த வழக்கில், டிஜிட்டல் சேவையை அணுகுவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று சொன்னது. கண்ணைச் சிமிட்டினால்தான் அடையாளம் ஏற்கும் கருவி, சிமிட்ட முடியாதவரை வெளியே தள்ளியது என்பதே அவர்கள் முறையீடு. படிக்கத் தெரியாதவரை வெளியே தள்ளும் படிவத்துக்கும் இந்தத் தீர்ப்பின் நியாயம் பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன்.

புதுப் படிவம் கொண்டுவரும் மருத்துவமனைகள், அதை வெளியிடுவதற்கு முன் வில்லியனூரிலும் பாகூரிலும் ஓ.பி. வரிசையில் நிற்பவர்களிடம் கொடுத்து நிரப்பச் சொல்லிப் பார்க்க வேண்டும். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ அந்தக் கேள்வியை மாற்ற வேண்டும். வீட்டில் போன் பழகிய பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: தாத்தா பாட்டிக்காக 'சம்மதம்' என்று தட்டும் முன், அதில் உள்ளதை அவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், அவர்கள் சரி என்ற பிறகு தட்டுங்கள்.