பக்கத்து வீட்டு சுவர் கார் மேல விழுந்தா நஷ்டஈடு யார் தருவாங்க?

விடிய விடிய மழை. காலையில் பார்த்தால் பக்கத்து வீட்டு காம்பவுண்ட் சுவர் உங்க கார் மேல கிடக்குது. செலவு யார் தலையில்?

சுவர் அவருடையது என்பது மட்டும் போதாது. விரிசல் விட்டு சாய்ந்திருந்த சுவரை அவர் கவனிக்காமல் விட்டார் என நிரூபித்தால், நஷ்டஈடு அவர்தான் தரணும். நல்ல சுவர் கடும் புயலில் விழுந்திருந்தால், ‘இயற்கைச் சீற்றம்’ என்று வாதாடலாம்.

காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸ் இருக்கா? முதலில் அங்கே கிளைம் பண்ணுங்க. போட்டோ எடுங்க; சர்வேயர் பார்க்கும் முன் ரிப்பேருக்கு விடாதீங்க. நோ கிளைம் போனஸ் போகலாம். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும்னா இன்சூரன்ஸில் எதுவும் வராது. பேசி முடியலைன்னா வக்கீல் நோட்டீஸ், பிறகு சிவில் கோர்ட்தான்.

பக்கத்து சுவரில் இப்பவே விரிசல் தெரியுதா? போட்டோவோடு வாட்ஸ்அப்பில் சொல்லி வைங்க. நாளைக்கு அதுதான் சாட்சி.