ஒரு புடவைக்கு எத்தனை வடிவமைப்பாளர்கள்?

காஞ்சிபுரம் பட்டுப்புடவையைத் தனி ஒருவர் வடிவமைப்பதில்லை. இந்த முகூர்த்தத்துக்கு எந்த நிறம் போகும் என்று கடைக்காரர் சொல்கிறார். கரை எவ்வளவு அகலம், ஜரிகை எவ்வளவு எடை என்று மாஸ்டர் வீவர் முடிவு செய்கிறார். டிசைனர் உருவத்தை வரைந்து கிராஃப் தாளில் ஏற்றுகிறார். அட்டை அடிப்பவர் அதைத் துளைகளாக மாற்றுகிறார். சாயப்பட்டறையில் நிறம் முடிவாகிறது. பாவு தயாராகி வந்தபின் நெசவாளர் தறியில் உட்காருகிறார். இத்தனை பேரும் ஏதாவது ஒன்றைத் தீர்மானிக்கிறார்கள். ஆகவே இத்தனை பேரும் வடிவமைப்பாளர்களே. புடவையைக் கட்டிக்கொள்பவருக்கு இவர்களில் ஒருவர் பெயரும் தெரியாது.

மென்பொருள் நிறுவனங்களில் ‘பயனர் அனுபவ வடிவமைப்பு’, சுருக்கமாக யூஎக்ஸ் டிசைன், என்று சொல்லப்படுவதும் இதே வகைக் கூட்டு வேலைதான். செல்போனில் ஒரு செயலியைத் திறப்பவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார், எந்தப் பொத்தானைத் தேடிக் களைத்துப்போகிறார் என்று பார்த்து, அதற்கேற்பத் திரையையும் சொற்களையும் வரிசையையும் அமைப்பது அந்த வேலை. அறிதல் அறிவியல் ஆய்வாளர் டொனால்ட் நார்மன் 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது தன் பதவிப் பெயரிலேயே ‘பயனர் அனுபவம்’ என்பதைச் சேர்த்துக்கொண்டார். அதன் பிறகே அந்தத் தொடர் உலகம் முழுக்கப் பரவியது. ஒரு யூஎக்ஸ் குழுவில் பயனர்களிடம் பேசிப் பார்க்கும் ஆய்வாளர், திரையை வரைபவர், திரையில் வரும் சொற்களை எழுதுபவர் எல்லாரும் இருப்பார்கள். இவர்கள் கொடுப்பதை நிரலாளர் ஓட வைக்கிறார். இப்படிப் பல கைகள் மாறும் வேலையை யார் நடத்துவது, குழுவை எப்படி வளர்ப்பது என்ற கேள்விக்குப் பல தலைமுறைகளாகப் பதில் தேடிக்கொண்டிருக்கும் ஊர்களில் காஞ்சிபுரமும் ஒன்று. அது கண்ட பதில்கள் எல்லாம் நல்ல பதில்கள் என்று சொல்லிவிட முடியாது.

வேலை கைமாறும் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க கிராஃப் தாளே வசதி. அதில் ஒரு கட்டம் என்பது நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் சந்திக்கும் ஓரிடம். கட்டத்தை நிரப்பினால் அங்கே ஜரிகை தெரியும், விட்டால் பட்டு தெரியும். மயிலின் கழுத்து வளைவு இப்படிப் படிக்கட்டு படிக்கட்டாகத்தான் தாளில் இறங்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை என்பது கணக்கு. 100 ஊடையில் முடியும் புட்டாவுக்கு, அதாவது சிறு உருவத்துக்கு, 100 அட்டை அடிக்க வேண்டும். தறியின் தலைமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் 120 கொக்கி, 240 கொக்கி என்று அளவு உண்டு; ஒரு கட்ட அகலத்துக்கு ஒரு கொக்கி. 240 கொக்கிப் பெட்டிக்கு 300 கட்ட அகலத்தில் மயிலைத் தோகை விரித்தால் அந்த மயில் தாளிலேயே இருக்க வேண்டியதுதான்.

இன்னொரு சிக்கல் வட்டம். ஓர் அங்குலத்தில் பாவு நூல் 80, ஊடை 60 என்று வைத்துக்கொண்டால், 40 பாவு அகலமுள்ள ருத்ராட்ச உருவம் வட்டமாக வர 30 ஊடை போதும். சதுரக் கட்டத் தாளில் வட்டமாகத் தெரிகிறதே என்று 40 ஊடைக்கு வரைந்துவிட்டால், துணியில் அது முட்டை வடிவில் நீண்டுவிடும். இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத டிசைனர் நிலைக்க மாட்டார். ஆனால் கணக்குக்கு அகப்படாத ஒன்றும் இருக்கிறது. ஒருவர் ஊடையை அழுத்தி அடிப்பார், இன்னொருவர் கொஞ்சம் இளக்கமாக விடுவார். ஒரே அட்டையில் இருவர் தறியிலும் ருத்ராட்சம் ஒன்றுபோல் வராது. ஜரிகை பல நூல்களைத் தாண்டி நீளமாக மிதக்கும்படி வரைந்துவிட்டாலோ, உடுத்தும்போது அது வளையலிலும் மோதிரத்திலும் மாட்டி இழுபடும். தாளில் அந்த இடம்தான் மற்ற எல்லாவற்றையும்விட அழகாகத் தெரியும் என்பது வேறு விஷயம். இந்தக் குறைகள் முதலில் கண்ணில் படுவது நெசவாளருக்கு. அவர் அதை யாரிடம் சொல்கிறார் என்பதே இந்தத் தொழிலின் முக்கியக் கேள்வி.

வழக்கமாக நடப்பது இதுதான். அனுபவமுள்ள நெசவாளர் குறையைக் கண்டதும் ஓர் அட்டையில் துளையை அடைத்தோ, ஓர் ஊடையைக் கூட்டிக் குறைத்தோ தானே சரிசெய்துகொள்வார். புடவை நன்றாக வந்துவிடும். ஆனால் கிராஃப் தாள் திருத்தப்படாமலே இருக்கும். அடுத்த தறிக்கு அதே அட்டையின் நகல் போகும்போது அதே குறையும் கூடவே போகும். ஒருவர் கண்டுபிடித்த தீர்வு அவர் வீட்டுத் தறிக்குழியோடு நின்றுவிடுகிறது. மென்பொருள் நிறுவனத்திலும் நிலைமை வேறில்லை. வரைந்து கொடுத்த திரை ஓடாது என்று தெரிந்ததும் நிரலாளர் இராத்திரியோடு இராத்திரியாக ஒட்டுப்போட்டு முடித்துவிடுவார். வரைந்தவருக்கு அது தெரியவே வராது. வேலை முன்னோக்கிப் போக எல்லா ஏற்பாடும் உண்டு. செய்தி பின்னோக்கி வர ஏற்பாடு கிடையாது. ஒரு வடிவமைப்புக் குழுவுக்குத் தலைவர் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

காஞ்சிபுரத்தில் அந்தத் தலைவர் பெரும்பாலும் மாஸ்டர் வீவர். பட்டும் ஜரிகையும் டிசைனும் கொடுத்து, நெய்த புடவையை வாங்கிக்கொண்டு கூலி கொடுப்பவர். தானே தறியில் உட்கார்ந்து வளர்ந்த மாஸ்டர் வீவருக்கும், கணக்குப் புத்தகத்தோடு மட்டும் பழகியவருக்கும் வித்தியாசம் முதல் புடவையிலேயே தெரிந்துவிடும். முன்னவர் தறிக்கு நேரில் போய்ப் பார்ப்பார். நெசவாளர் “இந்த இடத்துல ஜரிகை ரொம்ப மிதக்குதுங்க” என்றால், உடனே டிசைனரைக் கூப்பிட்டு அனுப்புவார். பின்னவருக்குப் புடவை வந்த பிறகுதான் எல்லாம் தெரியும்.

கூட்டாகச் செய்வது என்றால் என்ன என்பதற்குக் கோர்வைப் புடவை நல்ல சான்று. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம். இரண்டும் சேரும் கோட்டில் ஒரு நிறம் மற்றொன்றில் கசியாமல் நிற்க வேண்டும். அதற்காக ஊடை நூலைக் கொண்டுபோகும் தனித்தனி நாடாக்கள் ஓடுகின்றன. நெசவாளர் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்ள, மறுபக்கக் கரையின் நாடாவைத் துணையாள் போடுவார். இருவர் கையும் ஒரே தாளத்தில் போனால்தான் கோடு நேராக வரும். ஒரு காலத்தில் துணையாள் என்றால் வீட்டுப் பிள்ளைதான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியது நல்லதே. அதோடு கோர்வை நெய்யும் தறிகள் குறைந்துபோனதும் உண்மை. இளையவரின் மலிவான உழைப்பில் நின்ற கூட்டுவேலை, அந்த இளையவருக்கு வேறு வழி கிடைத்ததும் ஆட்டம் கண்டது. பயிற்சியாளர் என்ற பெயரில் குறைந்த சம்பளத்துக்கு ஆள் சேர்த்துக் குழுவைப் பெருக்குகிற நிறுவனங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

வேலை செய்பவரின் அறிவை வடிவமைப்புக்குள் முறையாகக் கொண்டுவரும் முயற்சிகள் உலகில் வேறு இடங்களிலும் நடந்திருக்கின்றன. 1981 முதல் 1985 வரை ஸ்காண்டிநேவிய நாடுகளில் ‘உடோப்பியா’ என்ற திட்டம் நடந்தது. செய்தித்தாள் அச்சகங்களுக்குக் கணினி வந்துகொண்டிருந்த காலம். அச்சுத் தொழிலாளர் சங்கமும் ஆய்வாளர்களும் சேர்ந்து, கருவி எப்படி இருக்க வேண்டும் என்று தொழிலாளர்களையே சொல்ல வைத்தார்கள். கருவி கையில் இல்லாததால் வெறும் அட்டைப்பெட்டியைக் கணினியாகவும் லேசர் பிரிண்டராகவும் பாவித்து வேலை செய்துபார்த்தார்கள். காசு அதிகம் செலவில்லாத சோதனை என்பதால் குறை சொல்லத் தயங்க வேண்டியதில்லை. பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் கணக்கும் இதற்குத் துணை: 5 பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே ஒரு வடிவமைப்பின் சிக்கல்களில் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளியே வந்துவிடும். ஒரே தடவை நிறையப் பேரிடம் காட்டுவதைவிட, சிலரிடம் காட்டித் திருத்தி மறுபடி காட்டுவது மேல் என்பது அவர் வாதம்.

பட்டுத்தறியில் சோதனை அத்தனை மலிவில்லை. ஒரு பாவு வழக்கமாக மூன்று புடவைக்கு ஆகும். பாவின் நிறம் பிடிக்காமல் போனால் மூன்றும் போயிற்று. ஆகவே மாஸ்டர் வீவர்கள் புதிதாக எதையும் செய்யத் தயங்குவதைச் சோம்பல் என்று எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. கணினியில் டிசைன் போடும் வசதி வந்த பிறகு நிறத்தையும் உருவத்தையும் திரையிலேயே மாற்றிப் பார்க்க முடிகிறது. ஆனால் ஜரிகையின் மிதப்பையும் துணியின் விழுகையையும் திரை காட்டாது. அதற்கு ஒரு முழம் நெய்தே பார்க்க வேண்டும்.

வரைபவரையும் நெசவாளரையும் எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வியை அரசும் ஒரு காலத்தில் கையில் எடுத்தது. 1956இல் பம்பாயில் நெசவாளர் சேவை மையம் தொடங்கியபோது, அதன் பின்னணியில் இருந்தவர் கைத்தறி ஆர்வலர் புபுல் ஜயகர். ஓவியர்களைக் கூட்டிவந்து நெசவாளர்களோடு உட்கார வைப்பது என்பது அவர் துணிந்து செய்த காரியம். ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன் 1959 முதல் 1961 வரை கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பிரிவின் துணை இயக்குநராக இருந்தார். சென்னை மையத்தில் ஓவியர் ரெட்டப்ப நாயுடு பணியாற்றினார். இன்று நாட்டில் இத்தகைய மையங்கள் 25க்கும் மேல் உண்டு. காஞ்சிபுரத்திலும் ஒன்று இயங்குகிறது. ஓவியர், சாயம் தெரிந்தவர், நெசவு தெரிந்தவர் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதே அவற்றின் பலம். மையத்தில் உருவான டிசைன் ஊரில் ஓடும் தறிக்குப் போய்ச் சேர்கிறதா, சேர்ந்தபின் என்ன ஆயிற்று என்ற தகவல் திரும்ப வருகிறதா என்பதைப் பொறுத்தே அந்தப் பலம் பயனாகும்.

கூட்டுறவுச் சங்கங்கள் இன்னொரு வழி. காமாட்சியம்மன், முருகன், திருவள்ளுவர், அறிஞர் அண்ணா என்று பெயர் தாங்கிய பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் காஞ்சிபுரத்தில் உண்டு. சங்கத்தில் பட்டும் ஜரிகையும் வாங்கிக்கொண்டு போய் வீட்டில் நெய்து கொண்டுவந்து கொடுப்பவர் கூலிக்காரர் மட்டுமில்லை, ஓட்டுரிமை உள்ள உறுப்பினர். வடிவமைப்பில் அவர் குரல் ஒலிக்க இதைவிட நல்ல அமைப்பு இருக்க முடியாது. ஆனால் நிர்வாகம் விற்பனைக் கணக்கிலும் தள்ளுபடியிலும் மூழ்கிவிட்டால் அந்த வாய்ப்பு காகிதத்தோடு நின்றுவிடும்.

குழு பெரிதாகும்போது முதலில் தேவைப்படுவது எல்லாருக்கும் பொதுவான சொற்கள். காஞ்சிபுரத்தில் இது எப்போதோ அமைந்துவிட்டது. மல்லிமொக்கு, தாழம்பூ ரேக்கு, வைரஊசி, முத்துச்சீர், கொட்டடிக் கட்டம், ஆயிரம் புட்டா என்றால் கடைக்காரர் முதல் நெசவாளர் வரை ஒரே உருவத்தை நினைத்துக்கொள்வார்கள். போனில் நாலு வார்த்தை பேசி ஒரு புடவையை முடிவு செய்துவிடலாம். மென்பொருள் நிறுவனங்கள் பொத்தானுக்கும் நிறத்துக்கும் எழுத்தளவுக்கும் விதி வகுத்து, ‘டிசைன் சிஸ்டம்’ என்று தொகுத்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான். கூகுள் 2014இல் வெளியிட்ட ‘மெட்டீரியல் டிசைன்’ அவற்றில் பலருக்கும் தெரிந்தது. பொதுச் சொற்கள் இருந்தால் புதிதாக வருபவர் சீக்கிரம் பழகுவார். புதிய உருவத்துக்கு இடம் விடாமல் அந்தப் பட்டியலே சட்டமாகிவிடும் ஆபத்தும் உண்டு.

ஆளை வளர்ப்பதில் இரண்டு மரபுகள் தெரிகின்றன. தறியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்பது ஒன்று. பள்ளி, கல்லூரி வைத்துக் கற்பிப்பது இன்னொன்று. காஞ்சிபுரத்தின் பெயரில் 2007இல் தொடங்கப்பட்ட இந்தியத் தகவல் தொழில்நுட்ப வடிவமைப்பு மற்றும் உற்பத்திக் கழகம் இரண்டாவது மரபைச் சேர்ந்தது. ஜோஹோ மென்பொருள் நிறுவனம் பட்டம் கேட்காமல், உதவித்தொகை கொடுத்து மாணவர்களைச் சேர்த்து நடத்தும் பள்ளிகளில் வடிவமைப்புக்கென்றே ஒன்று உண்டு. அங்கே கற்பவர்கள் நிறுவனத்துக்குள்ளேயே உண்மையான வேலையில் பழகுகிறார்கள். தறிப் பக்கத்துப் படிப்பு அலுவலகத்துக்கு மாறி வந்த மாதிரிதான் இது.

வளர்ந்த குழுவை எங்கே உட்கார வைப்பது என்பதிலும் வாதம் உண்டு. வடிவமைப்பாளர்கள் எல்லாரையும் ஒரே துறையில் வைத்தால் தரம் ஒன்றுபோல் இருக்கும், ஆனால் வேலை நடக்கும் இடம் தூரமாகிவிடும். ஒவ்வொரு தயாரிப்புக் குழுவிலும் ஒருவரைப் போட்டுவிட்டால் வேலை அருகில் இருக்கும், அவரோ தனியாளாகிவிடுவார். தன் வரைபடத்தைப் பார்த்துக் குறை சொல்லச் சகா கிடைக்க மாட்டார். இடத்தால் தயாரிப்புக் குழுவோடும், பொறுப்பால் வடிவமைப்புத் துறையோடும் இருக்கச் செய்து, வாரம் ஒருமுறை எல்லாரையும் கூட்டி ஒருவர் வேலையை மற்றவர் அலச வைப்பது பல நிறுவனங்கள் கண்ட நடுவழி. காஞ்சிபுரத்து டிசைனர்கள் இப்படிக் கூடி உட்கார வழியில்லை. ஒருவர் வரைந்ததை இன்னொருவருக்குக் காட்டினால் அடுத்த வாரம் அது வேறொரு தறியில் ஓடும் என்ற பயம் ஆதாரமில்லாததில்லை.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றுகிறது; ஒரு குறிப்பிட்ட மயிலை வரைந்தவரைக் காப்பாற்றாது. அதற்கு வடிவமைப்புச் சட்டம், 2000 இருக்கிறது. பதிவு செய்தால் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு பாதுகாப்பு. பதிவு செய்யும்போது டிசைனர் பெயரோடு, அதைத் தறியில் ஓடும்படி திருத்திக் கொடுத்த நெசவாளர் பெயரையும் மாஸ்டர் வீவர் கேட்டு எழுதினால், செய்தி பின்னோக்கி வரச் செய்யும் வேலையில் பாதி முடிந்தது. மீதிப் பாதி கூலியில் இருக்கிறது. கூலி புடவைக்கு இவ்வளவு என்று இருக்கும்வரை, புதிய டிசைனின் முதல் புடவை நெசவாளருக்கு நஷ்டம்தான்; நாள் கூடுதலாகும், பணம் கூடாது. நின்று பார்த்துக் குறை சொல்ல அவருக்கு நேரம் ஏது? முதல் புடவைக்குத் தனிக் கூலி கொடுத்து, அது முடிந்ததும் டிசைனரையும் நெசவாளரையும் ஒரே திண்ணையில் உட்கார வைக்கும் மாஸ்டர் வீவரிடம்தான் அடுத்த டிசைன் சரியாக வரும். மென்பொருள் நிறுவனத்திலும் பயனரிடம் காட்டிப் பார்க்கும் நாட்களை அட்டவணையில் சேர்த்து, அதற்குச் சம்பளமும் ஒதுக்கும் தலைவரே வடிவமைப்புக் குழுவை நடத்தத் தகுதியானவர்.