உலைத் தீயைச் சீராகக் காத்தல்

மழையும் மூடுபனியும் மிகுந்த மலைநாட்டில் வெயிலை நம்பி விளைபொருளை உலர்த்துதல் அரிது. தேயிலைக்கு இத்துணையைத் தருவது தீயே. 1867இல் லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், களிமண் அடுப்பிலிட்ட கரித்தணலின் மேல் இலையை உலர்த்தினார். இன்று நுவரெலியா, அட்டன் பகுதித் தொழிற்சாலைகளில் இயந்திர உலர்த்திகள் இயங்குகின்றன. எனினும் அவற்றிற்கு வெப்பம் தரும் உலைகள் பெரும்பாலும் விறகினாலேயே எரிகின்றன.

நொதித்த இலையில் நூற்றுக்கு 60 பங்களவு ஈரம் உண்டு. ஏறத்தாழ 20 நிமிடத்தில் இது 3 பங்காகக் குறைதல் வேண்டும். இதற்கு உலர்த்தியுட் புகும் காற்று 90 முதல் 100 பாகை செல்சியசு வரை இருத்தல் நன்று. வெப்பம் மிகுந்தால் இலையின் புறம் இறுகி, உள்ளீரம் வெளியேறாது தங்கும். அத்தேயிலை நாளடைவிற் கெடும். வெப்பம் குறைந்தால் இலை அவிந்து சுவை குன்றும். ஒரு வேளைக் கவனக்குறைவு ஒரு நாட் கொழுந்தை வீணாக்கிவிடும்.

தீயைச் சீராகக் காக்கும் முறைகள் வருமாறு:

1. பச்சை விறகை எரித்தலாகாது. அதன் வெப்பத்தில் ஒரு பங்கு விறகின் நீரை ஆவியாக்குவதிலேயே கழியும். விறகைப் பிளந்து, கூரையின் கீழ்க் காற்றோட்டமாக அடுக்கிப் பல மாதம் உலரவிடுக.
2. விறகுத் துண்டுகள் ஒரே பருமனாயிருக்க வேண்டும்.
3. ஒரேயடியாகத் திணியாது, சிறிது சிறிதாக அடிக்கடி இடுக. இட்டவுடன் உலைக்கதவை மூடுக.
4. தட்டில் சாம்பல் அடைந்தால் காற்றுச் செல்லாது. அதனை உரிய வேளையில் அகற்றுக.
5. புகைபோக்கியிலும் குழாய்களிலும் படியும் கரியைத் துடைத்து வருக. குழாயில் வெடிப்பிருப்பின் புகை கசிந்து பொருளிற் படியும்.
6. கண்மதிப்பை நம்பாது வெப்பமானியைப் பார்த்துக் காற்றுவழியைத் திறந்தும் மூடியும் வெப்பத்தைச் சரிசெய்க.

மரக்கறிச் செய்கையாளருக்கும் இம்முறை பயன்படும். சந்தையில் விலை வீழ்ந்த காலத்தில் கரற், லீக்ஸ், கோவா முதலியவற்றை மெல்லியதாக அரிந்து, 55 முதல் 60 பாகை வெப்பத்தில் உலர்த்தி வைக்கலாம். கரற் துண்டுகளை முன்னர்ச் சில நிமிடம் கொதிநீரில் இட்டெடுத்தல் நிறத்தைக் காக்கும். இங்கும் கடுந்தீ புறத்தை இறுக்கி உள்ளீரத்தை அடைத்துவிடும். விதை நெல்லைத் தீயின் வெப்பத்தில் உலர்த்துவோர் 43 பாகையைக் கடத்தலாகாது. கடந்தால் முளைதிறன் கெடும்.

அடைத்த அறையில் உலை மூட்டுதல் உயிருக்கு ஆபத்தாகும். புகை கூரைக்கு வெளியே செல்ல வழி அமைத்த பின்னரே தீ மூட்டுக. உலர்ந்த விறகும் ஓயாத கவனமும் இருப்பின் சிறிய உலையும் நிறைந்த பயன் தரும்.