அமைதிக்கும் விலை: தலைநகரில் பரவும் 'ஒலிக் குளியல்'

புது தில்லி: தண்ணீர் இல்லை, சோப்பு இல்லை, ஆனாலும் அதன் பெயர் குளியல். மங்கிய வெளிச்சத்தில் பாய் விரித்துப் பலர் கண்களை மூடிப் படுத்திருக்க, ஒருவர் வெண்கலக் கிண்ணங்களின் விளிம்பை மரக்கட்டையால் மெல்லத் தேய்க்கிறார். அதிலிருந்து எழும் ரீங்காரம் கூடம் முழுவதும் நிறைகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, வந்தவர்கள் எழுந்து வீடு திரும்புகிறார்கள். மன இறுக்கம் தளரும், நல்ல உறக்கம் வரும் என்று கூறித் தலைக்கு இவ்வளவு எனக் கட்டணம் பெறப்படுகிறது.

மேலை நாடுகளில் பரவி, இப்போது தெற்கு தில்லியின் யோகா கூடங்களிலும் விடுதிகளிலும் இடம்பிடித்துவிட்ட இந்த 'ஒலிக் குளியல்' உண்மையில் பலன் தருமா? தரும் என்றால் அது எந்த அளவுக்கு? ஓசையால் நலம் பெறுவது பற்றிப் பேசும் தலைநகரம், இரைச்சலால் கெடும் நலத்தைப் பற்றி ஏன் பேசுவதில்லை? இக்கேள்விகளுக்கு விடை தேட ஆர்.கே.புரம் பொருத்தமான இடம்.

ஆர்.கே.புரத்தின் ஓசைகள்

ராமகிருஷ்ணபுரம் என்ற முழுப் பெயர் கொண்ட இப்பகுதி, மத்திய அரசு ஊழியர்களுக்காக எழுப்பப்பட்ட குடியிருப்பு. வேலை தேடித் தலைநகர் வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வேரூன்றின. 1946-இல் தொடங்கப்பட்ட தில்லித் தமிழ்ச் சங்கத்தின் கட்டடம் 5-ஆவது செக்டாரில் உள்ளது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இங்கே இயங்குகிறது. 1973-இல் குடமுழுக்கு நடைபெற்ற சுவாமிநாத சுவாமி கோயிலை, தமிழர் அல்லாதோரும் 'மலை மந்திர்' என்றே அழைக்கின்றனர்.

கிண்ணங்களின் ரீங்காரம் தலைநகருக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே, மனத்தை ஆற்றும் ஓசை இப்பகுதியில் இருந்தது. தில்லியில் திருப்புகழ் அன்பர்கள் என்ற அமைப்பைக் கட்டி வளர்த்த ஏ.எஸ். ராகவன், அரசு ஊழியர்களையும் இல்லத்தரசிகளையும் ஒன்றுசேர்த்து, அருணகிரிநாதரின் சந்தப் பாடல்களைக் கூட்டாகப் பாடப் பயிற்றுவித்தார். அலுவலகம் முடிந்து வந்தவர்கள் தாளம் தவறாமல் மணிக்கணக்கில் பாடினார்கள். அதைச் சிகிச்சை என்று யாரும் சொல்லவில்லை, கட்டணமும் இல்லை.

திபெத்தின் பெயரில்

ஒலிக் குளியலில் பயன்படும் கிண்ணங்கள் 'திபெத்தியப் பாடும் கிண்ணங்கள்' என்றும், பல்லாயிரம் ஆண்டுப் பழமை உடையவை என்றும் விளம்பரம் செய்யப்படுகின்றன. இமயமலைப் பகுதிகளில் வெண்கலக் கிண்ணங்கள் உணவுக்கும் வழிபாட்டுப் படையலுக்கும் பயன்பட்டது உண்மை. ஆனால், அவற்றின் ஓசையைக் கொண்டு நோய் தீர்த்ததற்குப் பழைய திபெத்திய நூல்களில் உறுதியான சான்று காட்டப்படவில்லை. ஹென்றி உல்ஃப், நான்சி ஹென்னிங்ஸ் ஆகியோர் 1972-இல் வெளியிட்ட 'திபெத்திய மணிகள்' என்ற இசைத்தட்டுக்குப் பிறகே மேலை நாடுகளில் இந்த நம்பிக்கை பரவியது.

கிண்ணத்தின் ஓசைக்கு மந்திரம் எதுவும் காரணமல்ல, உலோகவியலே காரணம். செம்புடன் வெள்ளீயத்தை நூற்றுக்கு இருபது பங்கும் அதற்கு மேலும் சேர்த்து உருவாக்கும் வெண்கலம், தட்டினால் நெடுநேரம் அதிரும். இத்தகைய உயர் வெள்ளீய வெண்கலக் கிண்ணங்கள் தமிழகத்தின் ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியின் பெருங்கற்கால ஈமச் சின்னங்களிலும் கிடைத்துள்ளன. அவற்றை உலோகவியல் அறிஞர் சாரதா சீனிவாசன் ஆராய்ந்துள்ளார்.

எந்தக் கிண்ணமும் துல்லியமான வட்டமாக இருப்பதில்லை. அதனால், ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய இரண்டு அதிர்வெண்கள் அதில் சேர்ந்து எழுகின்றன. ஒன்று விநாடிக்கு 200, மற்றொன்று 203 என்றால், ஓசை விநாடிக்கு மூன்று முறை ஏறி இறங்கும். கேட்பவரைத் தாலாட்டுவது இந்த ஏற்ற இறக்கமே.

ஆய்வுகள் சொல்வது என்ன?

பாடும் கிண்ணங்கள் குறித்து அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடத்தப்பட்டு 2017-இல் வெளியானது. 62 பேர் கலந்துகொண்ட அந்த ஆய்வில் இறுக்கம், கோபம், களைப்பு, மனச்சோர்வு ஆகியவை நிகழ்ச்சிக்குப் பின் குறைந்திருந்தன. ஆனால், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அமைக்கப்படவில்லை. கிண்ணத்தின் ஓசை இல்லாமல், அமைதியான அறையில் ஒரு மணி நேரம் படுத்திருந்தாலே அதே பலன் கிடைத்திருக்குமா என்ற கேள்விக்கு அந்த ஆய்வில் பதில் இல்லை.

பொதுவாக இசையைப் பற்றிய சான்றுகள் இதைவிட வலுவானவை. 'லான்செட்' இதழில் 2015-இல் வெளியான தொகுப்பாய்வு, 73 மருத்துவப் பரிசோதனைகளை ஆராய்ந்து, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோரின் வலியையும் பதற்றத்தையும் இசை குறைப்பதாகக் கண்டது. மனச்சோர்வு குறித்து 'காக்ரேன்' அமைப்பு 2017-இல் வெளியிட்ட ஆய்வுரை, வழக்கமான சிகிச்சையுடன் இசை சிகிச்சையையும் சேர்த்தால் குறுகிய காலத்தில் கூடுதல் பலன் கிடைப்பதாகத் தெரிவித்தது. 'சேர்த்தால்' என்பதே இங்கு முக்கியம். மருந்துக்கும் மருத்துவருக்கும் மாற்றாக இசையை அந்த ஆய்வுரை முன்வைக்கவில்லை.

கூட்டுப் பாடலுக்கும் சான்று உண்டு. இங்கிலாந்தில் முதியோர் 258 பேரிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், வாரந்தோறும் குழுவாகப் பாடியவர்களின் மனநலம், பாடாதவர்களைவிட மேம்பட்டிருந்தது. படுத்துக்கொண்டு கேட்பதைக் காட்டிலும், சேர்ந்து பாடுவதற்குச் சான்று அதிகம். ஓய்வுபெற்ற ஊழியர்கள் கணிசமாக வாழும் ஆர்.கே.புரம் போன்ற பகுதிகள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

தமிழகத்திலும் இந்த நாட்டம் புதிதல்ல. தஞ்சையின் ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவத்தில் ஈட்டிய பொருளை இசை ஆய்வுக்குச் செலவிட்டு, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டார். வயலின் கலைஞர் குன்னக்குடி வைத்தியநாதன் சென்னையில் ராக ஆராய்ச்சி மையத்தை நிறுவினார். ஆயினும், இந்த நோய்க்கு இந்த ராகம் என்று அச்சிட்டு விற்கப்படும் பட்டியல்கள் மருத்துவ ஆய்வால் நிறுவப்பட்டவை அல்ல.

எல்லை மீறும் விளம்பரம்

இளைப்பாறுவதற்கு ஒருவர் பணம் செலவிடுவதில் குற்றம் காண்பதற்கில்லை. புற்றுநோய், நீரிழிவு, ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் கிளம்பும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. அதை நம்பி மருந்தை நிறுத்துபவர் இழப்பது பணத்தை மட்டுமல்ல.

1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், அட்டவணையில் உள்ள 54 நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்க இடமுண்டு. 2024-இல் பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமை காட்டிய பிறகுதான், இப்படி ஒரு சட்டம் இருப்பதே பலருக்கு நினைவுக்கு வந்தது.

இத்தகைய கூடங்களை நோக்கி மக்கள் செல்வதற்கு அரசின் போதாமையும் ஒரு காரணம். நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்புடன் வாழ்கின்றனர். சிகிச்சை கிடைக்காதோர் விகிதம், நோயைப் பொருத்து 70 முதல் 92 சதவீதம் வரை உள்ளது. லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவரே இருப்பதாக 2023-இல் நாடாளுமன்ற நிலைக் குழு சுட்டிக்காட்டியது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி-மானஸ்' தொலைபேசிச் சேவையில் (எண்: 14416) தமிழிலும் ஆலோசனை பெறலாம். அதன் பயனை மறுக்க முடியாது. ஆனால், மருத்துவரின் இடத்தைத் தொலைபேசி நிரப்பிவிடாது.

இரைச்சலுக்கு யார் பொறுப்பு?

நலம் தரும் ஓசையை விலைக்கு வாங்க முடிந்தவர்கள் சிலர். நலம் கெடுக்கும் இரைச்சலோ எல்லோர் வீட்டுக்கும் தேடி வருகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் அது 50, 40 டெசிபல். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், இரவு நேரச் சாலைப் போக்குவரத்து ஓசை 45 டெசிபலுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்கிறது. வெளிவட்டச் சாலையை ஒட்டி வாழும் எவருக்கும் இந்த எண்கள் ஏட்டளவில் மட்டுமே உள்ளவை.

இரைச்சல் எவ்வளவு கொடியது என்பதைத் தலைநகரம் அறியாததல்ல. 1998 ஜனவரியில், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 13 வயதுச் சிறுமியின் அலறல், அக்கம்பக்கத்தில் ஒலித்த ஒலிபெருக்கி இசையில் யாருக்கும் கேட்காமல் போனது. அன்று மாலையே அச்சிறுமி தீக்குளித்து உயிரிழந்தாள். அச்செய்தியைப் படித்துப் பொறியாளர் ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கில்தான், 2005 ஜூலை 18-இல் உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பை அளித்தது. இரைச்சலற்ற சூழலில் வாழ்வது, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும், ஒலிபெருக்கியின் மூலம் பிறர் செவியில் ஓசையைத் திணிப்பது பேச்சுரிமை ஆகாது என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. திருமண ஊர்வலம், அரசியல் கூட்டம், வழிபாட்டுத் தலம் என்ற பாகுபாடு அத்தீர்ப்பில் இல்லை.

அத்தீர்ப்பு வெளிவந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. இரவு பத்து மணிக்குப் பிறகு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லிக் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைப்பவர், அக்கம்பக்கத்தின் பகையைச் சம்பாதித்துக்கொள்ளும் நிலைதான் இன்றும் நீடிக்கிறது.

விதிகளை நிறைவேற்றும் காவல் துறை, மனநல மருத்துவரைக் கொண்ட அரசு மருத்துவமனை, முதியோர் கூடிப் பாட ஒரு சமுதாயக் கூடம் ஆகியவை கிண்ணங்களைப் போல விளம்பரம் தேடுபவை அல்ல. ஆனால், எல்லோருக்கும் எட்டுபவை. ஒரு மணி நேர அமைதியை விலை கொடுத்து வாங்குவது அவரவர் விருப்பம். நாளின் மற்ற இருபத்து மூன்று மணி நேரத்துக்கு அரசுதான் பொறுப்பேற்க வேண்டும்.