சுக்கான் பழுதுற்ற பாய்க்கலம்

2017 செப்டம்பர் 10-ஆம் நாள் கோவாவிலிருந்து உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட இந்தியக் கடற்படையின் 'தாரிணி' என்னும் பாய்க்கலம், பயணத்தின் கடைசிக் கட்டத்தில், 2018 ஏப்ரலில், இந்துமகா சமுத்திரத்தில் சுக்கானை இயக்கும் கருவி பழுதுற்று, திட்டத்தில் இல்லாத போர்ட் லூயித் துறைமுகத்தை நாட நேர்ந்தது. 56 அடி நீளமே உள்ள அக்கலத்தில் இருந்தோர், வர்த்திகா ஜோஷியின் தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள். பழுது நீக்கப்பட்டபின், மே 21-இல் அவர்கள் கோவா வந்தடைந்தனர்.

நடுக்கடலில் இவ்விபத்து நேரின், முதலில் அறியவேண்டியது, கெட்டது இயக்கும் கருவியா, சுக்கானா என்பதே. சக்கரத்தையும் சுக்கானையும் இணைக்கும் கம்பிவடம் மட்டும் அறுந்திருந்தால், சுக்கான் தண்டின் தலையில் அவசரக் கைப்பிடியைப் பொருத்தி நேரே திருப்பலாம். சுக்கானே போய்விட்டால் பாய்களைக் கொண்டுதான் கலத்தைத் திருப்ப வேண்டும். முன்பாய் அணியத்தைக் காற்றினின்று விலகத் தள்ளும். பின்பாய் அதனைக் காற்றை நோக்கித் திருப்பும். பாய்ப்பரப்பை முதலில் குறைத்துக்கொண்டு, இரண்டையும் இறுக்கியும் தளர்த்தியும் சமன்செய்தால், கலம் ஓரளவு நேர்வழி செல்லும். எழுதுவதுபோல் அத்தனை எளிதன்று. பின்காற்றில் இது பெரும்பாலும் பலிப்பதில்லை.

அப்போது கயிற்றில் வாளியொன்றைக் கட்டிக் கலத்தின் பின்னே நீரில் இழுத்துவரச் செய்வர். வாளி எப்பக்கம் இழுபடுகிறதோ, அப்பக்கம் வேகம் தடைப்பட்டு அணியம் அங்கே திரும்பும். கட்டுமரத்தின் ஒருபுறம் துடுப்பை நீரில் அழுத்திப் பிடிக்கும் மீனவர் பயன்படுத்துவதும் இத்தடையையே.